சிவப்பு ஒயர்... கறுப்பு ஒயர்!

எனக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் உள்ள சம்பந்தம் ரொம்பச் சின்னது. வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து ஃபிளாட் கதவைத் தட்டுவேன். அவ்வளவுதான். படித்தது பி.காம். 'ஓம்ஸ் லா' என்றால் கம்பெனி லா மாதிரி அதுவும் ஒரு பேப்பர், அதிலும் அரியர்ஸ் வைக்கலாம் என்று நினைத்துக் கொண்டிருந்தவன். அப்பேர்ப்பட்ட நான் போன வருஷம் என் கையாலேயே ஒரு ஆடியோ சிஸ்டம் செய்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். என் மனைவி இன்னும் நம்பவில்லை. அது தினமும் அவள் கண்ணெதிரே பாடிக் கொண்டிருந்தும்!

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பா.

அம்மா தவறி மூன்று வருஷம் ஆகிறது. மயிலாடுதுறை வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைக் குரோம்பேட்டைக்கு அழைத்து வந்துவிட்டேன். அவர் கொண்டு வந்தது இரண்டு சூட்கேஸ், ஒரு பழைய டூ-இன்-ஒன், ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதோடு சரி. பால்கனியில் நாற்காலியைப் போட்டுக் கொண்டு, எதிர் ஃபிளாட்டில் காயும் துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் நேரடிப் போக்குவரத்து எந்தக் காலத்திலும் கிடையாது. எல்லாம் அம்மா என்கிற எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான்.

"அம்மா, காலேஜ் டூருக்கு ஐநூறு ரூபா வேணும்னு அப்பாகிட்ட சொல்லு."

அப்பா அதே அறையில், நாலடி தூரத்தில் பேப்பர் படித்துக் கொண்டிருப்பார்.

"போன மாசம் வாங்கினதுக்குக் கணக்கு எழுதிட்டானான்னு கேளு."

அம்மா இரண்டு பக்கமும் சொல்வாள். சொல்லும்போது எனக்காகக் கொஞ்சம் சர்க்கரையும் அப்பாவுக்காகக் கொஞ்சம் உப்பும் சேர்ப்பாள். வேலை நடந்துவிடும். இப்போது எக்ஸ்சேஞ்ச் இல்லை. அந்தப் பொறுப்பு என் மனைவி தலையில் விழுந்தது. "மழை வர மாதிரி இருக்கு, அவனைக் குடை எடுத்துட்டுப் போகச் சொல்லுமா" என்பார். நான் ஷூவுக்கு லேஸ் கட்டிக் கொண்டு அவர் காலடியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

"ஏங்க, மாமா பேசறதே இல்லைங்க. நீங்களாவது உட்கார்ந்து பேசக் கூடாதா?" என்றாள் அவள் ஒரு நாள்.

பேசலாம்தான். எதைப் பேச?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டுகிற சாக்கில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். 63 கேசட். பாதி எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா. மீதி, அந்தக் கால ரெக்கார்டிங் சென்டர்களில் பதிந்து வாங்கியவை. இருபது வயதுத் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: அப்போதெல்லாம் பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கடையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். கடைக்காரர் இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து கொடுக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இப்போது போல் விரலால் தட்டினால் வந்து விழுகிற சமாச்சாரம் இல்லை.

அதில் ஒரு 60 நிமிஷக் கேசட். உறைக்குள் இருந்த அட்டையில் அம்மாவின் கையெழுத்து. ஏ சைடு ஆறு பாட்டு, அம்மாவின் செலக்‌ஷன். பி சைடு ஆறு பாட்டு, அப்பாவுடையது. மூலையில் '1987'. நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு!

டூ-இன்-ஒன்னில் போட்டேன். 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். சக்கரம் அசையவில்லை. பால்கனியிலிருந்து அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி துணிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் சுலபமான வழியைத்தான் பிடித்தேன். ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்து, போனில் அதே பாட்டைத் தேடிப் போட்டுக் காட்டினேன். அப்பா அந்த உருண்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தைலம் டப்பா மாதிரி இருக்கு. ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுமா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தக் கேசட், அதே டூ-இன்-ஒன்னில், ஹால் நிறையக் கேட்க வேண்டும். பட்ஜெட் 5,000 ரூபாய். அறிவு, பூஜ்யம்.

அறிவு பூஜ்யமாக இருப்பவர்கள் போக வேண்டிய இடம் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால், நரசிங்கபுரம் தெருவும் அதுவுமாகப் பின்னிக் கொண்டு, ஒயர், போர்டு, ஸ்பீக்கர், சார்ஜர் என்று தெரு முழுக்கக் கொட்டிக் கிடக்கும். ஒரு சின்னக் கடையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட பெரியவர் ஒருவர் சிக்கினார்.

"சார், நல்ல பவரா ஒரு ஆயிரம் வாட்டுல செட் போடணும்" என்றேன் கம்பீரமாக.

"கோயில் திருவிழாவா?"

"இல்ல சார், ஹால். பத்துக்குப் பன்னெண்டு."

மனிதர் கண்ணாடியை இறக்கி என்னை முழுசாகப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கே?"

"பி.காம்."

"அப்ப சுலபமாப் புரியும், உட்காரு" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக என் பட்டத்துக்கு இப்படி ஒரு மரியாதை!

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சின்ன ரேடியோ மேலெல்லாம் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று தங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எட்டிப் பார்க்கிற ஏதோ ஒரு உச்சக் கணக்கு. எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று ஒழுங்கான விதி கிடையாது. கம்பெனிக்குத் தோன்றியதுதான் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்று சொல்வது ஆர்.எம்.எஸ். அதாவது, பி.எம்.பி.ஓ. என்பது பெண் பார்க்கப் போகும்போது சொல்கிற சம்பளம். ஆர்.எம்.எஸ். என்பது பிடித்தமெல்லாம் போக கைக்கு வருவது.

"அது மட்டுமில்ல தம்பி, வாட்டு ரெண்டு மடங்கானா சத்தமும் ரெண்டு மடங்காகும்னு நினைக்காதே. அம்பதை நூறாக்கினா மூணு டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா வாட்டு ஏறக்குறைய பத்து மடங்கு வேணும். உன் ஹாலுக்கு, பேச்சுக் கேக்கற அளவுக்குப் பாட்டு வச்சா, ஒரு வாட், ரெண்டு வாட்தான் செலவாகும்."

"அப்ப எதைப் பார்த்து வாங்கறது?"

"ஸ்பீக்கரைப் பாரு. ஒரு வாட் கொடுத்தா, ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல்னு போட்டிருப்பான். 86 போட்ட ஸ்பீக்கரை விட்டுட்டு 89 போட்டதை வாங்கினா, ஆம்ப்ளிஃபயரை ரெண்டு மடங்கு ஆக்கின மாதிரி."

போட்ட முதலுக்கு என்ன வருமானம்? அடடா, இதைத்தானே மூன்று வருஷம் காலேஜில் படித்தேன்!

தொடர்ந்து தன் வாலிபக் கதையும் சொன்னார். சான்யோ கம்பெனியின் 'நாப்பத்து நாலு நாப்பது' ஐ.சி.யை வைத்து டீக்கடை டீக்கடையாக செட் போட்டது, மண்பானைக்குள் ஸ்பீக்கரை இறக்கி 'பேஸ்' எடுத்தது எல்லாம். இப்போது அந்த வேலையை உள்ளங்கை அளவு போர்டு செய்கிறது. 'டி.பி.ஏ. 3116' என்கிற சிப் போட்ட போர்டு ஒன்றை எடுத்து நீட்டினார். 'கிளாஸ் டி' என்று ஒரு வகையாம். கொடுத்த கரண்டைச் சூடாக்கி வீணடிக்காமல் பெரும்பகுதியைப் பாட்டாக்கிவிடும். பழைய லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட் கொடுத்தாலே, எட்டு ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 20 வாட் கிடைக்கும்.

"அடாப்டர் ரெடிமேடா வாங்கிக்கோ. 230 வோல்ட் பக்கம் நீ கையே வைக்கக் கூடாது. பி.காம்.காரன், புரியுதா?"

நன்றாகவே புரிந்தது.

ஸ்பீக்கர் பெட்டியை நாமே செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். "உனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியுமா?" என்றார். எழுத்தில் பிடிப்பேன், மரத்தில் தெரியாது. ஆகவே, வேறொரு இடத்தில் செகண்ட் ஹேண்டாக ஒரு ஜோடி வாங்கினேன். 4,500 ரூபாய். பட்ஜெட்டில் 90 சதவிகிதம் அப்போதே காலி!

வீட்டுக்கு வந்து மேஜையில் கடை பரப்பினேன். போர்டை வைக்க டப்பா வேண்டுமே? தீபாவளிக்கு வந்து, யாருக்கும் தள்ளிவிட முடியாமல் அலமாரியில் இருந்த சோன்பப்டி கண்ணில் பட்டது. இந்த உலகத்தில் சோன்பப்டிக்காக இல்லாமல் டப்பாவுக்காக அதைத் திறந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பிளாஸ்டிக்கில் கம்பியைச் சுட வைத்துக் காற்று போக ஓட்டை போட்டேன். போர்டை உள்ளே திருகினேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இதற்கு இன்ஜினீயரிங் வேண்டாம், கண் தெரிந்தால் போதும்.

டூ-இன்-ஒன்னைத் தெருக்கோடி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக் கொண்டிருந்தது. புது பெல்ட் போட்டு, ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்து ஹெட்டைத் துடைத்தார். பஞ்சு காப்பிப் பொடி நிறத்துக்கு வந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ. அதைக் கடுகளவு திருப்பினார் பாருங்கள், போர்வைக்குள்ளிருந்து பாடிக் கொண்டிருந்தவர் போர்வையை விலக்கிக் கொண்டு வெளியே வந்த மாதிரி இருந்தது! நாடா சரியான கோணத்தில் ஹெட்டை உரசாவிட்டால் மேல் ஸ்தாயி எல்லாம் மங்கிவிடுமாம்.

வீட்டில், ஹெட்போன் துளையிலிருந்து சோன்பப்டி டப்பாவுக்கு ஒயர் கொடுத்து ஸ்விட்சைப் போட்டேன். 'ஹூம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம். பாட்டு பின்னால் எங்கேயோ. பெரியவருக்குப் போன் போட்டேன். "டேப்பைக் கரண்ட்ல ஓட்டாம பெரிய பேட்டரி செல் போட்டு ஓட்டிப் பாரு" என்றார். போட்டேன். ரீங்காரம் போயே போச்சு. "அப்ப உன் செட்டு மேல தப்பில்ல. டேப்போட பவர் சப்ளையில கெபாசிட்டர் உலர்ந்து போச்சு. மாத்தச் சொல்லு." மெக்கானிக் மாற்றினார்.

இரவோடு இரவாகக் கணக்கு எழுதினேன். ஸ்பீக்கர் 4,500. போர்டு 650. அடாப்டர் 500. ஸ்பீக்கர் ஒயர் 300. பின், கனெக்டர், சில்லறை 350. மெக்கானிக் 700. ஆகமொத்தம் 7,000. பட்ஜெட்டைத் தாண்டி 40 சதவிகிதம். என் மனைவிக்குச் சொன்ன தொகை ஆர்.எம்.எஸ். இல்லை என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டுக் கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அரங்கேற்றம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஆறடி. ஒவ்வொன்றிலிருந்தும் அப்பாவின் நாற்காலிக்கும் அதே ஆறடி. வெறும் டைல்ஸ் தரை எதிரொலிக்கும் என்று பவானி ஜமக்காளத்தை விரித்தேன். பீரோ சில சுரங்களுக்கு 'ஜங் ஜங்' என்று கூடவே தாளம் போட்டது. கதவிடுக்கில் அட்டை சொருகினேன். அப்பாவை என் மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். 1987 கேசட். ஏ சைடு.

பாட்டு வந்தது. ஹால் நிறைந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்பா முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

பாதிப் பாட்டில் அப்பா தலையைச் சாய்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"பாடறது ஜானகிதான். ஆனா எங்கே நின்னு பாடறாங்கன்னு தெரியலைன்னு அவன்கிட்ட சொல்லுமா. கிணத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்கு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் சோன்பப்டி டப்பாவைத் தூக்கி... வேண்டாம், 650 ரூபாய். மனைவி ஒன்றும் சொல்லாமல் ஜமக்காளத்தின் சுருக்கத்தைச் சரி செய்தாள். நான் தரையில் உட்கார்ந்து மறுபடி போட்டுக் கேட்டேன். அட, ஆமாம்! வயலின்கள் இருந்தன. தபேலா இருந்தது, ஆனால் வயிறு ஒட்டிப் போய். குரல் மட்டும் இடம் தெரியாமல் ஹால் பூராவும் கரைந்து கிடந்தது. ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தேன், திருப்பி வைத்தேன். ஊஹூம்.

மணி பத்தைத் தாண்டியது. கதவு திறந்தது. அப்பா ஒரு டார்ச்சோடு வந்து நின்றார். அப்பா கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். ட்ரையல் பேலன்ஸ் இடித்தால் என்ன செய்வது என்று காலேஜ் நாட்களில் அம்மா மூலமாக எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். வித்தியாசத்தை இரண்டால் வகு. அந்தத் தொகை எங்கேயாவது கண்ணில் படும். பற்றில் விழ வேண்டியது வரவில் விழுந்திருக்கும்.

"பக்கம் மாறி விழுந்திருக்கா பாரு" என்றார்.

யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஹாலில் வேறு யாரும் இல்லை.

"இல்லப்பா... சிவப்புக்குச் சிவப்புதான் கொடுத்திருக்கேன்."

"வெளியில சரி. உள்ள?"

பெரியவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு சோதனை ஞாபகம் வந்தது. ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பிலும், மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டால், கோன் முன்னால் வர வேண்டும். செல்லுக்கு எங்கே போவது? அப்பா நாற்காலி மேல் ஏறப் போனார். தடுத்து, நானே ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் செல்லை எடுத்தேன்.

ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றி, அப்பா டார்ச் அடிக்க, இடதைத் தொட்டேன். 'டப்.' கோன் முன்னால் வந்தது. வலதைத் தொட்டேன். 'டப்.' உள்ளே போனது!

எங்களுக்கு முன்னால் வைத்திருந்த எவரோ பழுது பார்க்கும்போது உள்ளே ஒயரை மாற்றி வைத்திருக்கிறார். அதனால் ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்திருக்கிறது. ஸ்டீரியோ பதிவில் பாடுகிறவரின் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து அசைந்தால், அந்தக் குரல் நட்டநடுவிலிருந்து வருவதாகக் காது எடுத்துக் கொள்ளும். எதிரும் புதிருமாக அசைந்தால் அடிநாதம் அடிபட்டுப் போகும். நடுவில் நிற்க வேண்டிய ஆளும் காணாமல் போவார்.

வலது ஸ்பீக்கருக்கு மட்டும் சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாற்றிச் சொருகினேன். கேசட்டைப் போட்டேன்.

குரல் நடுவில் வந்து நின்றது.

நிஜமாகவே நின்றது. டி.வி. ஸ்டாண்டுக்கு மேலே, சுவருக்கு முன்னால், ஒருவர் வந்து நின்று பாடுவது போல. அங்கே ஸ்பீக்கரே கிடையாது! அப்பா எழுந்து போய் டி.வி.க்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். நான் மூன்றாவதாக ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று சந்தேகம். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டார்ச்சை அணைக்க மறந்துவிட்டார்.

ஏ சைடு ஆறு பாட்டும் ஓடியது. இடையிடையே அப்பா பேசினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ரெக்கார்டிங் சென்டர், காலி கேசட்டை வாங்கிவிட்டு மூன்று முறை 'நாளைக்கு வாங்க' சொன்ன கடைக்காரர், எந்தப் பாட்டு ஏ சைடில் வருவது என்று கல்யாணமான புதிதில் இரண்டு நாள் பேசாமல் இருந்த சண்டை. "அப்புறம் யார்ப்பா ஜெயிச்சது?" என்றேன். "அட்டையைப் பார்த்தா தெரியலையா?" என்றார். அம்மா தவறிய பிறகு அப்பா அவளைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

'டக்' என்று டேப் நின்றது.

"பி சைடு போடட்டுமாப்பா? உங்க பாட்டு."

"வேணாம்டா. ஏ சைடையே இன்னொரு தடவை போடு."

ரீவைண்ட் பட்டனை அழுத்தினேன். அது வேலை செய்யவில்லை. மெக்கானிக்குக் கொடுத்த 700 ரூபாயில் அது அடங்கவில்லை போலிருக்கிறது. அப்பா எழுந்து போய் என் பையன் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து வந்து நீட்டினார். கேசட் நாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 30 நிமிஷத்துக்கு ஏறக்குறைய 86 மீட்டர். அத்தனையையும் பென்சிலில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தேன். பாதியில் கை வலித்தது. "கொண்டா, நான் சுத்தறேன்" என்று அப்பா வாங்கிக் கொண்டார்.

கடிகாரத்துக்குச் செல்லைத் திருப்பிப் போடவே இல்லை. மறுநாள் காலையில் அது பத்து இருபது காட்டிக் கொண்டிருந்தது. என் மனைவி அதைப் பார்த்து அலறி எழுந்து, சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையனை லேட் என்று ஒரு வாய் சோறில்லாமல் ஆறரை மணிக்கே கிளப்பிவிட்டாள்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"செல்லை எடுத்தது நீதான்னு நீயே அவகிட்ட சொல்லிடு" என்றார் என்னிடம்.